வீட்டுச் சர்வரும் வெளியூர்ச் சாவியும்



கோடை விடுமுறைக்கோ வேளாங்கண்ணித் திருவிழாவுக்கோ குடும்பத்தோடு புறப்படும் நாளில் நம் வீடுகளில் நடப்பதைச் சற்று நினைத்துப் பாருங்கள். கேஸ் சிலிண்டரை மூடியாயிற்றா, மோட்டாரை நிறுத்தியாயிற்றா, கொல்லைக் கதவுக்குத் தாழ் போட்டாயிற்றா என்று அம்மா மூன்று முறை கேட்பார்கள். பூட்டிய பூட்டை ஒரு முறை இழுத்துப் பார்ப்பார்கள். மாற்றுச் சாவி ஒன்று பக்கத்து வீட்டு அத்தையிடம் போய்ச் சேரும். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு நாம் செய்வதற்கு ஒன்றும் இல்லை. வீட்டின் பாதுகாப்பு என்பது புறப்படும் முன்பே முடிந்துவிட வேண்டிய காரியம்.

இக்கட்டுரையில் நாங்கள் சொல்ல வருவதும் ஏறத்தாழ அதுதான். ஆனால் நாங்கள் பேசப்போவது, நாம் வீட்டைப் பூட்டிக்கொண்டு போன பிறகும் உள்ளே விழித்திருந்து வேலை செய்யும் ஒரு சிறு இயந்திரத்தைப் பற்றி. அதுவே வீட்டுச் சர்வர். அதைத் தொலைவில் இருந்தபடியே பத்திரமாகப் பார்த்துக்கொள்வது எப்படி என்று, எங்கள் வீட்டில் பட்டுத் தெரிந்துகொண்டதையும் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறோம்.

சர்வர் என்பது யார்?

சர்வர் என்றவுடன் ஹோட்டலில் இட்லியும் சாம்பாரும் கொண்டுவந்து வைப்பவர்தான் முதலில் நம் நினைவுக்கு வருவார். கணினி உலகத்துச் சர்வரும் அவரைப் போன்றவரே. மேசையில் அமர்ந்தவர் கேட்கிறார். இவர் உள்ளே போய் எடுத்து வந்து கொடுக்கிறார். அதுபோல, பிற கணினிகளும் கைபேசிகளும் கேட்கும் படத்தையோ பாட்டையோ கடிதத்தையோ எடுத்துக் கொடுப்பதற்கென்றே இரவும் பகலும் காத்திருக்கும் கணினிக்குச் சர்வர் என்று பெயர்.

பெரிய நிறுவனங்களில் இவை மண்டபம் மண்டபமாக அடுக்கப்பட்டிருக்கும். வீட்டுக்கு அவ்வளவு தேவையில்லை. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் உருவாகி, 2012ஆம் ஆண்டு பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்த 'ராஸ்பெர்ரி பை' என்னும் கணினி, ஏறக்குறைய ஏ.டி.எம். அட்டை அளவுள்ள ஒரு பலகைதான். அதனோடு ஒரு ஹார்டு டிஸ்க்கைச் சேர்த்துவிட்டால் ஒரு குடும்பத்தின் புகைப்படங்கள் அனைத்தையும் அது சுமக்கும்.

எங்கள் அப்பா சரக்குக் கப்பலில் பணிபுரிகிறார்கள். ஆண்டில் பல மாதங்கள் கடலில்தான். தூத்துக்குடி வீட்டில் அம்மா, ஆச்சி, நாங்கள் இரண்டு பெண்கள். 2021ஆம் ஆண்டு விடுமுறையில் வந்தபோது அப்பா இத்தகைய சர்வர் ஒன்றைக் கூடத்தில் அமைத்தார்கள். எங்கள் பிறந்தநாள், பள்ளி விழா, ஆச்சி சொல்லும் செபமாலை எல்லாம் அதில் சேரும். கப்பல் எந்தத் துறைமுகத்தில் நின்றாலும் அப்பா கைபேசியைத் திறந்து அவற்றைப் பார்ப்பார்கள். அந்தச் சர்வர் எங்களுக்கு விளையாட்டுப் பொருள் அல்ல. அப்பாவுக்கும் வீட்டுக்கும் இடையே போட்ட பாலம்.

முகவரியும் வாயிலும்

இணையத்தில் ஒவ்வொரு இணைப்புக்கும் எண்களால் ஆன ஒரு முகவரி உண்டு. வீட்டுக்கு வரும் இணைப்பை வாங்கி எல்லாக் கருவிகளுக்கும் பகிர்ந்து கொடுக்கும் பெட்டிக்கு ரவுட்டர் என்று பெயர். அதுதான் நம் வீட்டு வெளிக்கதவு. வெளியிலிருந்து அழைக்காமல் வருபவரை அது வழக்கமாக உள்ளே விடாது. வெளியூரிலிருந்து சர்வரை அடைய வேண்டுமானால் ரவுட்டரில் ஒரு வாயிலைத் திறந்துவைக்க வேண்டும். இந்த வாயிலைப் 'போர்ட்' என்கிறார்கள். அப்பாவுக்குப் போர்ட் என்றால் துறைமுகம். கணினிக்காரர்களுக்கோ அது வாயில். ஒரு முகவரியில் 65,535 வரை எண்ணிட்ட வாயில்கள் இருக்கலாம். தொலைவிலிருந்து கணினிக்குக் கட்டளையிடும் வேலைக்கு வழக்கமான வாயில் 22ஆம் எண்.

"நம் வீட்டு முகவரி யாருக்குத் தெரியப்போகிறது?" என்று கேட்கலாம். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். ஆனால் பழைய முறை முகவரிகள் உலகம் முழுவதற்கும் சுமார் 429 கோடிதான். 2013ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், ஒரே ஒரு கணினியைக் கொண்டு அத்தனை முகவரிகளின் கதவையும் 45 நிமிடத்திற்குள் தட்டிப் பார்க்க முடியும் என்று காட்டினார்கள். திருடன் நம்மைத் தேடி வரவேண்டியதில்லை. தெருவில் உள்ள எல்லாக் கதவையும் தள்ளிப் பார்த்துக்கொண்டே போகிறான். தாழ் போடாத கதவு தானாகத் திறந்துகொள்கிறது.

எங்கள் முதல் தவறு

முதலில் எங்கள் வீட்டிலும் 22ஆம் வாயிலைத் திறந்து, ஒரு பாஸ்வேர்டை மட்டும் காவலுக்கு வைத்திருந்தோம். அந்தப் பாஸ்வேர்டு எங்கள் தெருப் பெயரும் வீட்டு எண்ணும் சேர்ந்தது. சில நாள் கழித்து, யார் யார் உள்ளே வர முயன்றார்கள் என்று சர்வர் தானே எழுதி வைக்கும் குறிப்பேட்டைத் திறந்து பார்த்தபோது திகைத்துப் போனோம். பக்கம் பக்கமாக வரிகள்! எங்களுக்குத் தெரியாத முகவரிகளிலிருந்து 'அட்மின்', 'ரூட்', 'டெஸ்ட்' என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லி, நள்ளிரவிலும் விடியற்காலையிலும் யாரோ கதவைத் தட்டியிருந்தார்கள். தட்டியவர்கள் மனிதர்கள் அல்லர். அதற்கென்று எழுதப்பட்ட நிரல்கள். எவரும் உள்ளே வரவில்லை என்பது எங்கள் திறமையால் அன்று, இறைவன் கருணையால்.

இப்படித் தட்டுவதால் என்ன கேடு வரும் என்பதற்கு 2016ஆம் ஆண்டே சாட்சி. 'மிராய்' என்ற தீய நிரல், கடையில் வாங்கியபோது இருந்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரவுட்டர்களையும் தேடித் தேடிப் பிடித்தது. அதன் கையில் இருந்தது அறுபதுக்குச் சற்று அதிகமான பெயர்-பாஸ்வேர்டு சோடிகள் கொண்ட ஒரு பட்டியல் மட்டுமே! அந்தப் பட்டியலைக் கொண்டே பல இலட்சம் கருவிகளை அடிமையாக்கியது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று, 'டைன்' என்ற நிறுவனத்தின் மீது அவை ஒன்றாகப் பாய்ந்தபோது, அமெரிக்காவில் டிவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெரிய தளங்களே பலருக்குக் கிடைக்காமல் போயின. ஆக, கவனிக்காமல் விட்ட வீட்டுக் கருவி, நமக்கு மட்டுமல்லாமல் முகம் தெரியாத பிறருக்கும் தீங்கு செய்யக்கூடும்.

ராஸ்பெர்ரி பையிலும் பல ஆண்டுகளாக 'பை' என்ற பெயரும் 'ராஸ்பெர்ரி' என்ற பாஸ்வேர்டும் எல்லாருக்கும் பொதுவாக இருந்தன. 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் அந்தப் பொதுப் பெயரை எடுத்துவிட்டு, ஒவ்வொருவரும் தமக்கென்று ஒன்றை வைத்துக்கொள்ளும்படி செய்தார்கள்.

மோதிரமும் முத்திரையும்

பாஸ்வேர்டை விட நல்ல காவல் எது? அதற்குச் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும். 1976ஆம் ஆண்டில் விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்ற இரு அறிஞர்கள் ஒரு புதுமையான எண்ணத்தை வெளியிட்டார்கள். ஒரே சாவியை இருவரும் இரகசியமாக வைத்திருப்பதற்குப் பதிலாக, ஒன்றோடொன்று பொருந்தும் இரு சாவிகள் இருக்கட்டும். ஒன்றை ஊரறியக் கொடுத்துவிடலாம், மற்றதை மட்டும் மறைத்து வைத்தால் போதும் என்றார்கள்.

இது கேட்பதற்குக் கடினமாக இருந்தால், திருத்தந்தையின் மீனவர் மோதிரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முற்காலத்தில் திருத்தந்தையர் தம் கடிதங்களுக்கு அந்த மோதிரத்தால் முத்திரையிட்டார்கள். முத்திரை எப்படி இருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியலாம். ஆனால் மோதிரம் ஒருவர் விரலில்தான் இருக்கும். சர்வரிடம் நாம் கொடுத்து வைப்பது முத்திரையின் அடையாளம். நம் கைபேசியில் இருப்பது மோதிரம். நாம் கதவைத் தட்டும்போது சர்வர் ஒரு புதிய தாளை நீட்டி, "இதில் முத்திரை இடு" என்கிறது. சரியாக இருந்தால் கதவு திறக்கும். மோதிரம் கைபேசியை விட்டு வெளியே வருவதே இல்லை. ஆகவே வழியில் ஒட்டுக்கேட்பவனுக்கும் அது கிடைக்காது. பட்டியல் வைத்துத் தட்டுபவனும் அதை ஊகிக்க முடியாது.

தொலைவிலிருந்து கணினிக்குள் மறைகுறியில் பேசும் 'எஸ்.எஸ்.எச்.' என்ற முறையை 1995ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு டாட்டு யுலோனன் உருவாக்கினார். அவர் இருந்த பல்கலைக்கழகத்தின் வலைப்பின்னலில் யாரோ பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டுத் திருடியதே அதற்குக் காரணம். இன்று எங்கள் சர்வரில் எஸ்.எஸ்.எச். உண்டு, ஆனால் பாஸ்வேர்டால் நுழையும் வழியை முழுவதுமாக அடைத்துவிட்டோம். 'ரூட்' என்னும் தலைமை அதிகாரியின் பெயரால் நேரே நுழையவும் முடியாது.

இன்னொரு செய்தி. திருத்தந்தை இறந்ததும் அவருடைய மோதிரத்தைச் சிதைத்துவிடுவார்கள், பிறர் அதைத் தவறாகப் பயன்படுத்தக் கூடாது என்பதற்காக. அதுபோல, கைபேசி தொலைந்தால் அதன் அடையாளத்தைச் சர்வரிலிருந்து உடனே அழித்துவிட வேண்டும். ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி மோதிரம் கொடுத்திருந்தால், தொலைந்ததை மட்டும் அழித்தால் போதும்; மற்றவர்கள் வழக்கம்போல உள்ளே போய் வரலாம்.

கடலுக்கு அடியில் ஒரு சுரங்கப் பாதை

நல்ல சாவி வந்த பிறகும், கதவு தெருவைப் பார்த்து நின்றால் தட்டுபவர்கள் தட்டிக்கொண்டேதான் இருப்பார்கள். கதவே கண்ணுக்குத் தெரியாமல் இருந்தால்? அதற்கு உதவுவது 'வி.பி.என்.' எனப்படும் சுரங்கப் பாதை. அதில் ஒரு வகை 'வயர்கார்டு'. ஜேசன் டோனன்ஃபெல்ட் என்பவர் உருவாக்கிய இது, 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் லினக்ஸ் இயக்கமுறையின் கருவிலேயே சேர்க்கப்பட்டது. இதன் சிறப்பு இதன் மௌனம். சரியான சாவி உடையவர் அழைத்தால் மட்டுமே பதில் சொல்லும். மற்றவர் எத்தனை முறை தட்டினாலும், "யார் அது?" என்றுகூடக் கேட்காது. தட்டியவன் இங்கே வீடே இல்லை என்று எண்ணிப் போய்விடுவான்.

எங்கள் வீட்டில் 22ஆம் வாயிலை மூடிவிட்டோம். வெளியே திறந்திருப்பது வயர்கார்டின் ஒரே வாயில். அப்பா முதலில் அந்தச் சுரங்கத்திற்குள் நுழைவார்கள். பிறகே சர்வரின் கதவுக்கு வருவார்கள். படம் பார்க்க வேண்டுமானாலும், பழுது பார்க்க வேண்டுமானாலும் வழி அது ஒன்றுதான்.

கடலோடிகளுக்கு இது மிகவும் தேவை. கடலோடிகளுக்கான கத்தோலிக்கத் திருப்பணி 1920ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் தொடங்கியது. இன்று அது 'ஸ்டெல்லா மாரிஸ்', அதாவது கடலின் விண்மீன், என்று நம் அன்னையின் பெயரால் வழங்குகிறது. பல துறைமுகங்களில் உள்ள இத்தகைய மையங்களில் மாலுமிகள் வீட்டோடு பேச வைஃபை கொடுக்கிறார்கள். அந்த மையத்தினர் நல்லவர்கள்தாம். ஆனால் அதே வைஃபையில் பக்கத்தில் இருப்பவர் யார் என்று யாருக்குத் தெரியும்? இன்று பெரும்பாலான இணையப் பக்கங்கள் தாமாகவே மறைகுறியில் பேசுகின்றன என்றாலும், சுரங்கத்தின் வழியே போனால் வீட்டுச் சர்வர் பற்றிய பேச்சு முழுவதும் மூடிய குழாய்க்குள் போகிறது. அப்பா இன்னொரு கட்டுப்பாடும் வைத்திருக்கிறார்கள்: எல்லாருக்கும் பொதுவான கணினியில் தம் சாவியை ஒருபோதும் இடுவதில்லை. சாவி இருப்பது தம் சொந்தக் கைபேசியில் மட்டும். அதற்கும் ஒரு பூட்டு.

இங்கே ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். முகவரிகள் போதாமையால், இணைய நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைப்பது உண்டு. விடுதியில் இருக்கும் மாணவியருக்கு எல்லாம் ஒரே அஞ்சல் முகவரி இருப்பது போல. அறை எண் எழுதாத கடிதம் யாருக்கும் போய்ச் சேராது அல்லவா? அப்படிப்பட்ட வீட்டில் வெளியிலிருந்து வாயிலைத் திறக்க முடியாது. அப்போது வீட்டுச் சர்வரே வெளியே கை நீட்டி, நடுவில் உள்ள ஓர் இடைக்கணினியோடு பேச்சைத் தொடங்கிவைத்துக் காத்திருக்கும். வெளியூரில் இருப்பவரும் அங்கே வந்து சந்திப்பார். புதிய முறை முகவரிகள் கிடைக்கும் வீடுகளில் நேர்வழியும் உண்டு. எந்த வழி நம் வீட்டுக்குப் பொருந்தும் என்பதைப் புறப்படும் முன்பே, கைபேசியில் வீட்டு வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டா மூலம் சோதித்துப் பார்த்துவிட வேண்டும்.

உட்கார்ந்திருக்கும் கிளை

ஒருமுறை அப்பா ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்திலிருந்து சர்வரின் காவல் விதிகளை மாற்றினார்கள். ஒரு வரி தவறிவிட்டது. உடனே அப்பாவுக்கே கதவு அடைபட்டது. அப்புறம் எங்கள் பாடுதான்! சர்வரைத் தொலைக்காட்சியோடு இணைத்து, பக்கத்து வீட்டில் கீபோர்டு ஒன்றை இரவல் வாங்கி, அப்பா தொலைபேசியில் எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொல்ல நாங்கள் தட்டினோம். "இடைவெளி விட்டாயா, பாப்பா?" என்று அப்பா கேட்பதும், "எந்த இடைவெளி, அப்பா?" என்று நாங்கள் விழிப்பதுமாக ஒரு மணி நேரம் போயிற்று. ஆச்சிக்கு அன்று தொலைக்காட்சித் தொடர் போனதுதான் மிச்சம்.

எங்கள் அப்பாவை நாங்கள் குறை சொல்லவில்லை. 2021ஆம் ஆண்டு அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் நிறுவனத்திலும் இதுவே நடந்தது. பராமரிப்பின்போது இட்ட ஒரு கட்டளை அவர்களுடைய சர்வர் நிலையங்களை உலகத்திலிருந்தே துண்டித்துவிட்டது. தொலைவிலிருந்து சரி செய்யும் கருவிகளும் அதே வழியை நம்பியிருந்தமையால் பயன்படவில்லை. பொறியாளர்கள் நேரில் போக வேண்டியதாயிற்று. ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் உலகெங்கும் முடங்கின.

உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்டாதே என்று நம் பெரியவர்கள் சொல்வது இதற்கும் பொருந்தும். கதவையும் காவலையும் தொடும் வேலைகளை வீட்டில் இருக்கும்போதே செய்துவிட வேண்டும். தொலைவிலிருந்து செய்தே தீர வேண்டுமானால், "பத்து நிமிடத்தில் நான் சரி என்று சொல்லாவிட்டால் பழையபடி மாற்றிவிடு" என்று சர்வரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டுச் செய்யலாம். வீட்டில் இருப்பவர்களுக்கும் இரண்டு காரியம் தெரிந்திருக்க வேண்டும்: சர்வரை முறையாக நிறுத்துவது எப்படி, மறுபடி தொடங்குவது எப்படி என்பதே அவை. பக்கத்து வீட்டு அத்தையிடம் கொடுக்கும் மாற்றுச் சாவி போன்றது இந்த அறிவு.

அரை நொடித் தாமதம்

நிரல்களில் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படுவது அன்றாட நிகழ்ச்சி. ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பும் வெளிவருகிறது. நாம் ஊரில் இல்லாத நாளிலும் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் தாமாக ஏறும்படி செய்துவிட்டுப் போவதே நல்லது.

இதில் மறக்க முடியாத நிகழ்ச்சி 2024ஆம் ஆண்டு மார்ச் 29 அன்று வெளிவந்தது. அன்று புனித வெள்ளி. ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர், எஸ்.எஸ்.எச். வழியே நுழையும்போது சுமார் அரை நொடி கூடுதலாகத் தாமதம் ஆவதைக் கவனித்தார். நாமாக இருந்தால் விட்டுவிடுவோம். அவர் விடவில்லை. தோண்டிப் பார்த்தார். 'எக்ஸ்.இசட்.' என்ற பொதுப்பயன் நிரல் தொகுப்பின் புதிய வடிவங்களில் யாரோ இரகசியப் பின்கதவு ஒன்றை வைத்திருந்தது தெரிந்தது. அதை வைத்தவர் இரண்டாண்டுக்கு மேல் நல்லவர் போல் உதவி செய்து, நம்பிக்கை பெற்று, பிறகே இதைச் செய்திருந்தார். பெரும்பாலான சர்வர்களுக்கு அது போய்ச் சேருமுன் தடுக்கப்பட்டது. சிறு மாற்றத்தையும் கவனிக்கும் கண் எவ்வளவு பெரிய காவல் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

மழை வந்த இரவு

இதுவரை சொன்னவை திருடரைப் பற்றி. ஆனால் எங்கள் சர்வரைக் கொண்டுபோனது திருடன் அல்ல.

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் மாவட்டத்தில் பெய்த மழையைப் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. அப்பா அப்போது கடலில். தண்ணீர் கூடத்துக்குள் வந்தபோது அம்மா எங்களையும், பத்திரங்கள் உள்ள பையையும் மாடிக்குக் கொண்டுபோனார்கள். சர்வர் மேசையின் கீழ்த்தட்டில் இருந்தது. யாருக்கும் அதன் நினைவு வரவில்லை. மறுபடி இறங்கி வந்தபோது சர்வரும் ஹார்டு டிஸ்க்கும் சேற்றுக்குள் கிடந்தன.

"கவலைப்படாதீர்கள், மதுரையில் நகல் இருக்கிறது" என்று அப்பா தொலைபேசியில் தேற்றினார்கள். உண்மைதான். மதுரையில் சித்தி வீட்டில் ஒரு டிஸ்க் உண்டு. ஒவ்வோர் இரவும் எங்கள் சர்வர் சுரங்கப் பாதை வழியே அன்றைய புதுப் படங்களையும் ஒலிப்பதிவுகளையும் மறைகுறியாக்கி அங்கே அனுப்பிவிடும். புதிய சர்வர் வாங்கி, நகலை எடுத்து வைத்துப் பார்த்தோம். எல்லாம் வந்தன, செப்டம்பர் வரைக்கும். செப்டம்பர் கடைசியில் மதுரை டிஸ்க் நிறைந்துவிட்டது. அதன் பிறகு ஒவ்வோர் இரவும் சர்வர் அனுப்ப முயன்று, முடியவில்லை என்று தன் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறது. அந்தக் குறிப்பேட்டை நாங்கள் யாரும் திறக்கவில்லை. சத்தம் இல்லை, ஆதலால் சுகமாக இருக்கிறது என்று நினைத்துவிட்டோம்.

அக்டோபர் செபமாலை மாதம். அந்த மாதம் முழுவதும் மாலையில் ஆச்சி செபமாலை சொல்ல, அப்பா கேட்பதற்காக நாங்கள் பதிவு செய்தோம். கைபேசியில் இடம் போதாமல், சர்வரில் ஏற்றியதும் கைபேசியிலிருந்து அழித்தோம். நவம்பரில் ஆச்சி இறைவனடி சேர்ந்தார்கள். டிசம்பரில் மழை வந்தது. அந்த மாதத்து ஆச்சியின் குரல் இன்று எங்கும் இல்லை.

கெட்ட பூட்டால் அல்ல, படிக்காத ஒரு வரியால் அது போயிற்று.

இப்போது நாங்கள் செய்வது

நகலைப் பற்றி அறிந்தவர்கள் ஓர் எளிய கணக்குச் சொல்கிறார்கள்: மூன்று, இரண்டு, ஒன்று. மூன்று பிரதிகள், இரு வேறு வகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வேறோர் ஊரில். அதனோடு நாங்கள் சொந்தமாக இரண்டைச் சேர்த்துக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்து வரும் நேரத்தில் எங்கள் சர்வர் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஒரு சிறு செய்தி அனுப்பும்: கடைசியாக நகல் போன தேதி, டிஸ்க்கில் மீதி உள்ள இடம், ஏறிய புதுப்பிப்புகள், உள்ளே வந்து போனவர்கள். நான்கே வரிகள். செய்தி வந்தால் படிப்போம். வராவிட்டால் அதுவே அபாயச் சங்கு, உடனே பார்ப்போம்.

மாதத்தின் முதல் வெள்ளியன்று, மதுரை நகலிலிருந்து ஏதேனும் ஒரு படத்தை எடுத்துத் திறந்து பார்ப்போம். திறந்து பார்க்காத நகலை நகல் என்று நாங்கள் இப்போது எண்ணுவதில்லை.

சர்வர் இப்போது சுவரில், தலைக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. மின்சாரம் திடீரென்று நின்றால் மெமரி கார்டில் எழுதியது கெட்டுப்போகக்கூடும் என்பதால் ஒரு சிறு யு.பி.எஸ். வைத்திருக்கிறோம். நகலைத் திறக்கும் பாஸ்வேர்டைத் தாளில் எழுதி, உறையில் இட்டு, வீட்டுப் பத்திரங்களோடு ஒன்றும் சித்தியிடம் ஒன்றும் வைத்திருக்கிறோம். எல்லாச் சாவியும் ஒருவர் தலைக்குள்ளேயே இருந்தால், அவர் கடலில் இருக்கும்போது குடும்பம் வாசலில்தான் நிற்க வேண்டும்.

புறப்படும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

1. வெளியே திறந்திருக்கும் வாயில்கள் எத்தனை? ஒன்றுக்கு மேல் இருந்தால் ஏன்?
2. பாஸ்வேர்டால் நுழையும் வழி அடைபட்டதா? கருவிக்கு ஒரு சாவி உண்டா?
3. மொபைல் டேட்டா மூலம் உள்ளே போய்ப் பார்த்தோமா?
4. புதுப்பிப்புகள் தாமாக ஏறுகின்றனவா?
5. மின்சாரம் போய் வந்தால் சர்வர் தானாக எழுந்து வருமா?
6. கடைசி நகல் எந்தத் தேதி? அதைத் திறந்து பார்த்தோமா?
7. நாம் இல்லாதபோது வீட்டுக்குப் போய்ப் பார்க்கக்கூடியவர் யார்? அவருக்கு என்ன செய்வதென்று தெரியுமா?

ஏழுக்கும் விடை கிடைத்துவிட்டால் நிம்மதியாக வண்டி ஏறலாம்.

முடிவுரை

தோழியரே, மணமகனுக்காகக் காத்திருந்த பத்துக் கன்னியரின் உவமையை நாம் மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். விளக்கு பத்துப் பேரிடமும் இருந்தது. எண்ணெய்தான் ஐந்து பேரிடம் இல்லை. நல்ல சர்வரும் நல்ல பூட்டும் வாங்கிவிடுவது விளக்கு வாங்குவது போன்றது. குறிப்பேட்டைப் படிப்பதும், நகலைத் திறந்து பார்ப்பதும், வீட்டில் உள்ளவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதுமே எண்ணெய். அதை நள்ளிரவில் கடையில் போய் வாங்க முடியாது.

2022ஆம் ஆண்டு அக்டோபரில் பதிவு செய்த ஒரே ஒரு செபமாலை மதுரை நகலில் இருந்தது. நடுவே குக்கர் விசில் அடிக்கிறது. ஆச்சி நிறுத்தாமல், கையால் எங்களுக்கு அடுப்பைக் காட்டியபடியே சொல்லிக்கொண்டு போகிறார்கள். கப்பலில் அப்பா அதைக் கேட்கிறார்கள். வீட்டில் நாங்களும் கேட்கிறோம். இப்போது அதற்கு மூன்று பிரதிகள் இருக்கின்றன. சென்ற முதல் வெள்ளியன்றும் திறந்து பார்த்தோம், நன்றாக இருக்கிறது.

— பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு